எடைக்கல்லைத் தேய்த்தவர் யார்?

டெல்லி ஆர்.கே.புரம் என்றதும் தமிழர்களுக்கு நினைவுக்கு வருபவை இரண்டு: ஐந்தாம் செக்டாரில் தமிழ்ச் சங்கம், ஏழாம் செக்டாரில் மலை மந்திர். முதல் செக்டாரில் இருக்கும் சேவா பவனை யாரும் தேடிப் போவதில்லை. தலைநகரின் நூறு அரசு அலுவலகங்களில் அதுவும் ஒன்று. ஆனால் மதுரையிலோ மாயவரத்திலோ ஒருவர் ஏசி வாங்கினால், அதன் நெற்றியில் ஒட்டியிருக்கும் நட்சத்திர முத்திரைக்கு மூலம் இந்தக் கட்டடம்தான். எரிசக்தித் திறன் பணியகம், சுருக்கமாக பி.இ.இ., இங்கிருந்துதான் இயங்குகிறது. அதே கட்டடத்தில் மத்திய மின்சார ஆணையமும் இருக்கிறது. நாட்டின் அனல்மின் நிலையங்களில் கந்தகப் புகையை வடிக்கும் கருவி எத்தனையில் ஏறியது, எத்தனையில் ஏறவில்லை என்ற கணக்கை வைத்திருப்பது அந்த ஆணையம்.

ஒரே கூரையின் கீழ் இரண்டு கணக்குகள். ஒன்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இறுகிக்கொண்டே வந்தது. மற்றது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இளகிக்கொண்டே வந்து, 2025-இல் பெரும்பாலும் கரைந்துபோனது. கம்பெனிகளின் பசுமைப் பூச்சு பற்றிய விவாதத்தை நாம் வழக்கமாக விளம்பரப் பலகையின் கீழே நின்று நடத்துகிறோம். இலை படம், பச்சை எழுத்து, "இயற்கையின் நண்பன்" என்ற வாசகம், அதன் மேல் நம் கோபம். அந்த விவாதத்தை சேவா பவனின் வாசலுக்கு நகர்த்தினால் வேறொரு விடை கிடைக்கும் என்பது என் எண்ணம்.

சந்தையில் எடை போட்டு விற்பவர் ஏமாற்ற மூன்று வழிகள் உண்டு. சொத்தைக் காயை நல்ல காய் என்று சொல்லலாம். தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டலாம். மூன்றாவது வழி கொஞ்சம் நுட்பமானது: எடைக்கல்லையே தேய்த்து, அதற்கு அரசு முத்திரையும் வாங்கிவிடலாம். முதல் இரண்டில் பிடிபட வாய்ப்புண்டு. மூன்றாவதில் விற்பவர் பொய்யே சொல்வதில்லை. அவர் கிலோ என்று சொல்வது சட்டப்படியும் கிலோதான். பசுமைப் பூச்சைப் பற்றிய நம் சட்டங்கள் முதல் வழியை ஓரளவு பிடிக்கின்றன, இரண்டாவதை இப்போதுதான் பிடிக்கத் தொடங்கியிருக்கின்றன, மூன்றாவதைப் பார்ப்பதே இல்லை.

ஆகவே "பச்சை" என்று எவர் சொன்னாலும் மூன்று கேள்விகளால் சோதிப்போம். அளந்தவர் யார்? அளக்காமல் விட்டது என்ன? அளவில் தவறினால் இழப்பு யாருக்கு?

இறங்கக்கூடிய நட்சத்திரம்

முதலில் தேறியதைப் பார்ப்போம். 2001-இன் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்படி 2002 மார்ச்சில் பி.இ.இ. உருவானது. நட்சத்திர முத்திரை 2006-இல் வந்தது. தொடக்கத்தில் விரும்பினால் ஒட்டலாம் என்றிருந்தது, அறை ஏசிக்கு 2010 முதல் கட்டாயம் ஆனது. இந்தக் கட்டாயத்தின் அருமை தெரிய வேண்டுமானால் அரசின் இன்னொரு முத்திரையை நினைத்துப் பார்க்கலாம். 1991-இல் மண்பானைச் சின்னத்தோடு 'ஈகோமார்க்' என்று ஒன்று வந்தது. சுற்றுச்சூழலுக்குக் கேடு குறைவான பொருள்களுக்கு அரசே தரும் சான்று. அழகான சின்னம், நல்ல நோக்கம். அந்தப் பானையை எந்தக் கடையிலாவது பார்த்த நினைவு நமக்கு இருக்கிறதா? விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டதால் கேட்டு வந்த கம்பெனிகள் மிகச் சில. 2024-இல் புது விதிகளோடு அதற்கு மறுபடி உயிர் கொடுத்திருக்கிறார்கள். இம்முறையும் விருப்பம் கம்பெனியுடையதே.

நட்சத்திர முத்திரையின் உண்மையான பலம் கட்டாயத்தோடு முடியவில்லை. அந்த நட்சத்திரம் இறங்கும். ஆண்டு முழுக்கத் தரும் குளிர்ச்சியை ஆண்டு முழுக்கத் தின்னும் மின்சாரத்தால் வகுத்து வரும் எண்தான் ஏசியின் மதிப்பெண். ஸ்பிலிட் ஏசிக்கு 2018-இல் 4.5 இருந்தால் ஐந்து நட்சத்திரம். 2022 ஜூலையில் ஐந்துக்கு 5.0 வேண்டும் என்றார்கள். முதல் நாள் ஐந்து வாங்கிய அதே இயந்திரம், ஒரு திருகாணிகூட மாறாமல், மறுநாள் நான்கு ஆனது. கம்பெனி ஓடிக்கொண்டே இருந்தால்தான் நின்ற இடத்தில் நிற்க முடியும். முத்திரை எந்தக் காலத்துக்குச் செல்லும் என்பதும் அதிலேயே அச்சிடப்பட்டிருக்கும். ஆக எடைக்கல் இங்கே தேயவில்லை, கனத்துக்கொண்டே வருகிறது.

குறையே இல்லையா? இருக்கிறது. சோதனை அறிக்கையை முதலில் கொடுப்பவர் உற்பத்தியாளரே. சந்தையில் மாதிரி எடுத்துச் சரிபார்க்க ஏற்பாடு உண்டு என்றாலும், விற்கும் ஏசிகளின் கடலில் அது ஒரு குவளை. அதைவிட முக்கியம் இரண்டாவது கேள்வி: அளக்காமல் விட்டது என்ன? நட்சத்திரம் அளப்பது மின்சாரத்தை மட்டும். ஏசிக்குள் சுற்றும் வாயுவுக்கு அதில் மதிப்பெண் இல்லை.

அந்த இடைவெளியில்தான் விளம்பரம் நுழைகிறது. "பசுமை வாயு நிரப்பியது" என்று கடைகளில் சொல்லப்படும் ஆர்-32-ஐ எடுத்துக்கொள்வோம். ஓசோன் படலத்தை அது ஓட்டையாக்காது; உண்மை. முன்பு பரவலாக இருந்த ஆர்-410ஏ என்ற வாயுவின் வெப்பமாக்கும் திறன் கரியமில வாயுவைப் போல 2,088 மடங்கு. ஆர்-32-இன் திறன் 675 மடங்கு. ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம், அதுவும் உண்மை. ஆனால் ஒரு கிலோ கசிந்தால் 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்ற ஒன்றைப் 'பசுமை' என்று அழைப்பது, நாளுக்கு இரண்டு பாக்கெட் பிடித்தவர் ஒன்றாகக் குறைத்ததும் தன்னைப் புகைபிடிக்காதவர் என்று சொல்லிக்கொள்வது போல. 3 மடங்கு மட்டுமே கொண்ட புரொப்பேன் வாயுவில் இயங்கும் ஏசிகள் இந்தியச் சந்தையிலேயே 2012 முதல் உண்டு. தீப்பிடிக்கும் தன்மையால் அதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். அதனால் எல்லோரும் அதற்கு மாறவில்லை என்பது புரிந்துகொள்ளக்கூடியதே. புரிந்துகொள்ள முடியாதது, 'குறைவான கேடு' என்ற நேர்மையான சொல் இருக்க 'பசுமை' என்ற சொல்லுக்குத் தாவுவது.

முத்திரை குறுகியது, ஆனால் சொன்னதைச் செய்கிறது. பூச்சு அதன் விளிம்புக்கு வெளியே நடக்கிறது. இது முதல் முடிவு.

பத்து ஆண்டுகள் தள்ளிப்போன தேதி

இனி அதே கட்டடத்தின் இன்னொரு கணக்கு. 2015 டிசம்பர் 7-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல்மின் நிலையங்களுக்குப் புதிய உமிழ்வு வரம்புகளை அறிவித்தது. அதுவரை கந்தக டை ஆக்சைடுக்கு வரம்பே இல்லை. புகைபோக்கியின் உயரத்துக்குத்தான் விதி இருந்தது. உயரே விட்டால் தூரப் போய்விடும் என்ற ஏற்பாடு. புது வரம்பை எட்ட, புகையைச் சுண்ணாம்புக்கல் கரைசலில் கழுவி கந்தகத்தை ஜிப்சமாக மாற்றும் கருவி வேண்டும். கெடு 2017 டிசம்பர்.

அதன் பின் நடந்தது தேதிகளின் ஊர்வலம். கெடு 2022 வரை போனது. 2021-இல் நிலையங்களை ஏ, பி, சி என்று பிரித்து 2024 வரை நீட்டினார்கள். 2022 செப்டம்பரில் மேலும் இரண்டு ஆண்டுகள். 2024 டிசம்பர் 30-இல், ஏ பிரிவின் கெடு முடிய ஒரு நாள் இருக்கையில், மேலும் மூன்று ஆண்டுகள். 2025 ஜூலையில் வந்த அறிவிப்பு சி பிரிவுக்கு, அதாவது ஏறத்தாழ 78 விழுக்காடு அலகுகளுக்கு, கருவியே வேண்டாம் என்றது. பி பிரிவை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்வதாகவும், தலைநகர் வட்டாரத்துக்கும் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களுக்கும் 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஏ பிரிவு மட்டும் 2027 இறுதிக்குள் பொருத்தவேண்டும் என்றும் சொன்னது. பத்து ஆண்டுகளில் கருவி ஏற வேண்டிய 537 அலகுகளில் ஏறியது 40-ஐ ஒட்டித்தான்.

அரசு தரப்பு வாதத்தை முழுதாகச் சொல்லிவிட வேண்டும். இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு. பெரும்பாலான ஊர்களில் காற்றில் உள்ள கந்தக டை ஆக்சைடு, கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், தேசிய வரம்புக்குள்ளேயே இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லை வெட்டி, ஏற்றி, அரைத்து, கருவியை ஓட்டுவதற்கே மின்சாரம் செலவாகி, கரியமில வாயு கூடும். செலவு கடைசியில் மின் கட்டணத்தில் ஏறும். இவற்றில் ஒன்றும் கற்பனை இல்லை.

ஆனால் இந்த வாதம் அளக்கும் இடத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுக்கிறது. கந்தக டை ஆக்சைடு வாயுவாகவே இருந்துவிடுவதில்லை. காற்றில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும் வழியில் அம்மோனியாவோடு சேர்ந்து சல்பேட் நுண்துகளாக மாறுகிறது. நுரையீரலுக்குள் போவது அந்தத் துகள். புகைபோக்கிக்குப் பக்கத்தில் வாயுவை அளந்து 'வரம்புக்குள்' என்பது, ஆற்றில் சாக்கடை கலக்கும் குழாயை விட்டுவிட்டு அதற்கு மேலே தண்ணீர் மொண்டு சோதிப்பது போல. 10 கிலோமீட்டர் என்ற வட்டமும் அப்படித்தான். காற்றுக்கு அந்த எல்லைக்கல் தெரியாது. ஆர்.கே.புரத்தில் டெல்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவின் காற்றளவி இருக்கிறது. ஒவ்வொரு நவம்பரிலும் செய்தியில் வரும் சிவப்பு எண்களில் அதுவும் ஒன்று. அந்தத் துகளில் வாகனப் புகையும் வைக்கோல் புகையும் கட்டடத் தூசியும் எங்கிருந்தோ வந்த சல்பேட்டும் கலந்தே இருக்கும்.

தவறு இருந்திருந்தால் 2015-இன் வரம்பைத் திறந்த விவாதத்தில் திருத்தியிருக்கலாம். நடந்தது அதுவல்ல. வரம்பு காகிதத்தில் இருந்தது, கெடு நகர்ந்துகொண்டே இருந்தது. அதனால் விளைந்ததைத்தான் நாம் கவனிக்கவேண்டும். இந்தப் பத்து ஆண்டுகளில் எந்த மின் நிறுவனமும் தன் ஆண்டறிக்கையில் 'பொருந்தும் எல்லா விதிகளுக்கும் உட்பட்டே இயங்குகிறோம்' என்று எழுதியிருந்தால், கந்தகத்தைப் பொறுத்தவரை அது பொய்யாகாது. கருவி இல்லை, புகை குறையவில்லை, வாசகம் மட்டும் உண்மை. ஒரு கம்பெனிக்கு இதைவிட வசதியான பச்சை எங்கே கிடைக்கும்? முன்னதாகவே செலவழித்துக் கருவி பொருத்திய சிலரோ அடுத்த நிலையத்தைவிட விலை கூடிய மின்சாரத்தோடு நிற்கிறார்கள். தவறினால் இழப்பு யாருக்கு என்ற கேள்விக்கு இங்கே விடை தலைகீழ்: சொன்னதைச் செய்தவருக்கு.

டன்னுக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு?

பி.இ.இ. ஏசியோடு நிற்கவில்லை. 2012-இல் பெரிய ஆலைகளுக்கு எரிசக்திச் சேமிப்பு இலக்கு வைத்து, மிஞ்சியவர் சான்றிதழ் விற்கலாம், எட்டாதவர் வாங்கவேண்டும் என்ற திட்டத்தைத் தொடங்கியது. முதல் மூன்றாண்டுச் சுற்றில் 8 துறைகளின் 478 ஆலைகள். இலக்கு 66.86 லட்சம் டன் எண்ணெய்க்கு ஈடான சேமிப்பு, கிடைத்தது 86.7 லட்சம் டன். வெற்றி என்று கொண்டாடினார்கள். வகுப்பில் பெரும்பாலோர் முதல் வகுப்பில் தேறினால், பிள்ளைகளைப் பாராட்டும் முன் வினாத்தாளை ஒருமுறை பார்க்கவேண்டும். விற்க வந்த சான்றிதழ் 38 லட்சத்துக்கு மேல். வாங்கவேண்டிய கட்டாயம் ஏறத்தாழ 14 லட்சத்துக்குத்தான். விலை சரிந்ததில் வியப்பில்லை. இலக்கு எளிதாக இருந்தால் சான்றிதழ் சந்தை எந்த ஆலையின் நடத்தையையும் மாற்றாது.

அதன் வாரிசுதான் 2023 ஜூனில் அறிவிக்கப்பட்ட கார்பன் வணிகத் திட்டம். 2025 அக்டோபரில் அலுமினியம், சிமெண்ட், குளோர்-ஆல்கலி, காகிதம் ஆகிய 4 துறைகளின் 282 ஆலைகளுக்கு இலக்குகள் வந்தன. இலக்கைத் தவறி, சான்றிதழும் வாங்காவிட்டால் சந்தை விலையின் சராசரியைப் போல இரண்டு மடங்கு இழப்பீடு. ஆலைவாரியாக இலக்கை வெளியிட்டதும் இழப்பீட்டை எழுதி வைத்ததும் நல்ல அடிகள்.

ஆனால் இலக்கு 'உமிழ்வுச் செறிவு'க்கு, அதாவது ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு புகை என்பதற்கு. ஓர் ஆலையின் உற்பத்தி 20 விழுக்காடு கூடி, டன்னுக்கான புகை 5 விழுக்காடு குறைந்தால் மொத்தப் புகை 14 விழுக்காடு கூடியிருக்கும். ஆலை இலக்கை எட்டியிருக்கலாம், விற்கச் சான்றிதழும் வைத்திருக்கலாம். வளரும் நாட்டுக்கு வேறு வழியில்லை என்பது நியாயமான பதில். 2030-க்கு இந்தியா உலகுக்குக் கொடுத்த உறுதியே மொத்த உள்நாட்டு உற்பத்தியின் செறிவை 45 விழுக்காடு குறைப்பதுதான். நாடு அப்படிச் சொல்வதை ஏற்கிறேன். அந்த ஆலை "உமிழ்வைக் குறைத்துவிட்டோம்" என்று விளம்பரம் செய்வதை ஏற்பதற்கில்லை. 'டன்னுக்கு' என்ற ஒரு சொல்லை விழுங்கிவிட்டால் அந்த வாக்கியம் தட்டின் அடியில் ஒட்டிய புளி.

சான்றிதழ் சந்தை என்றால் எச்சரிக்கைக்கு இன்னொரு காரணமும் உண்டு. பிளாஸ்டிக் விற்கும் கம்பெனிகள் குறிப்பிட்ட அளவு பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்ததற்குச் சான்று காட்டவேண்டும் என்ற விதியில், மறுசுழற்சி ஆலைகள் சான்றிதழ் விற்கின்றன. 2023-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதித்தபோது, குஜராத், மகாராஷ்டிரா, கர்நாடகத்தில் நான்கே நிறுவனங்கள் ஏறத்தாழ 6 லட்சம் போலிச் சான்றிதழ்களை உருவாக்கியிருந்தது தெரிந்தது. நேரில் போய்ப் பார்க்காதவரை காகிதம் எவ்வளவு பச்சையாகவும் இருக்கும்.

பொட்டலத்தைப் பிடிக்கும் சட்டம்

விளம்பரத்துக்கான சட்டம் 2024 அக்டோபர் 15-இல் வந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் 'பசுமை', 'இயற்கையானது', 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' போன்ற பொதுச் சொற்களை ஆதாரமின்றி வீசக்கூடாது என்கின்றன. பொருள் முழுதுமா, அதன் அட்டைப்பெட்டி மட்டுமா என்று சொல்லவேண்டும். ஆதாரம் வாங்குபவர் கைக்கு எட்டவேண்டும். எதிர்கால வாக்குறுதி என்றால் செயல்திட்டம் கையில் இருக்கவேண்டும். வாசகங்கள் கூர்மையானவை.

ஆனால் இதே நெறிகள் சிலவற்றைப் பசுமைப் பூச்சின் வரையறையிலிருந்தே விலக்குகின்றன. குறிப்பிட்ட பொருளோடோ சேவையோடோ ஒட்டாத கம்பெனியின் கொள்கை அறிவிப்பு அவற்றில் ஒன்று. சோப்பு உறையில் 'பசுமை' என்று போட்டால் ஆதாரம் காட்டவேண்டும். சோப்பு செய்யும் கம்பெனி 'பூமியைக் காப்பதே எங்கள் பிறவிப் பயன்' என்று எழுதினால் கேள்வி இல்லை. சிறிய பொய்க்குக் காவலும் பெரிய பொய்க்குக் கதவும். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டாளர் செபி கேட்கும் நிலைத்தன்மை அறிக்கை அந்தக் கதவை ஓரளவு அடைக்கிறது. 2022-23-இலிருந்து முதல் 1,000 பட்டியலிட்ட கம்பெனிகள் தண்ணீர், மின்சாரம், கழிவு, உமிழ்வுக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும். வெளியார் தணிக்கையும் படிப்படியாகக் கட்டாயம் என்றார்கள். 2024 டிசம்பரில் அதில் தளர்வு வந்தது. சரக்குத் தரும் கம்பெனிகளின் கணக்குக்கு இன்னும் தவணை, 'தணிக்கை' என்ற இடத்தில் 'மதிப்பீடு அல்லது தணிக்கை'. எடைக்கல் தேயும் ஓசை மறுபடி கேட்கிறது.

சேவா பவன் இங்கேயும் வருகிறது. கம்பெனிகள் வாங்கும் மின்சாரத்தால் வரும் உமிழ்வைக் கணக்கிட, மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் எண்ணைத்தான் பெருக்குகிறார்கள். ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் கரியமில வாயு என்பது அந்த எண். கம்பெனி என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் நாட்டின் மின்சாரம் சுத்தமானால் அதன் அறிக்கையும் சுத்தமாகும், அழுக்கானால் அதுவும் அழுக்காகும். தனியார் பச்சைக்குப் பொது அடித்தளம் உண்டு என்பதற்கு இதைவிட நேரடிச் சாட்சி தேவையில்லை.

பூச்சு தனியாரின் குணம் மட்டுமல்ல என்பதற்கு ஆர்.கே.புரத்திலிருந்து ரிங் ரோட்டைத் தாண்டினால் போதும். சரோஜினி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும் திட்டத்துக்காகப் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களை வெட்டப் போவது 2018 ஜூனில் வெளியே தெரிந்தது. மக்கள் மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றார்கள், உயர் நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்தியது, வரைபடத்தைத் திருத்துவதாக அரசு சொன்னது. ஒரு மரத்துக்குப் பத்து கன்று நடுவோம் என்பது அப்போது சொன்ன சமாதானம். நாற்பது வயது வேம்பு தரும் நிழலைப் பத்து கன்றுகளால் வகுத்துப் பாருங்கள். எண்ணிக்கையில் பத்து மடங்கு லாபம். வெயிலில் நிற்பவருக்கு ஒன்றுமில்லை.

கொடைக்கானலும் திருப்பூரும்

தமிழ்நாட்டில் இதன் இரு முனைகளும் இருக்கின்றன. கொடைக்கானலில் 1983-இல் அமெரிக்காவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்து, கழிவு வெளியில் கிடந்தது அம்பலமானதும் 2001-இல் மூடப்பட்டது. 2010-இல் தாய்க் கம்பெனி யூனிலீவர் உலகளவில் பேசப்பட்ட நிலைத்தன்மைத் திட்டத்தை அறிவித்தது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு உடன்பாடு ஏற்பட்டது 2016 மார்ச்சில். பாதரசத்தால் நோய் வந்தது என்பதை நிறுவனம் கடைசிவரை ஏற்கவில்லை. மனிதாபிமான அடிப்படையில் கொடுப்பதாகச் சொன்னது. உலகத் திட்டத்தில் இருந்த இலக்குகள் எல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. கம்பெனியின் அறிக்கை எப்போதும் சராசரியில் பேசும், கேடு எப்போதும் ஓர் ஊரில் நடக்கும். சராசரிக்குள் ஓர் ஊரைப் புதைத்துவிட முடியும் என்பதே கொடைக்கானல் சொல்லும் பாடம்.

திருப்பூர் வேறு கதை. சாயக்கழிவால் நொய்யல் ஆறு செத்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுத் தொட்டியானது. விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது, 'ஜீரோ டிஸ்சார்ஜ்' என்றால்தான் திறக்கலாம். ஊர் ஸ்தம்பித்தது, சாயமிட வெளியூர்களுக்குத் துணி போனது, வேலை போனது. அதன் பிறகுதான் பொது சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வுகளும் ஆவியாக்கிகளும் முழுமையாக ஓடத் தொடங்கின. இன்று தண்ணீரில் பெரும்பகுதி மீண்டும் பட்டறைக்கே திரும்புகிறது. அதே திருப்பூர் வெளிநாட்டு வணிகர்களிடம் தன் நிலைத்தன்மையைச் சொல்லியே ஆர்டர் பிடிக்கிறது.

இதிலும் குறை உண்டு. பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கிடங்கில் சேர்கிறது. ஆவியாக்கும் அடுப்புக்கு எரிபொருள் வேண்டும். மழை நாளில் திருட்டுத்தனமாகத் திறந்துவிடும் புகார்கள் ஓயவில்லை. ஆனாலும் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் கட்டளை, பிறகு இழப்பு, பிறகு கருவி, கடைசியில்தான் விளம்பரம். பசுமைப் பூச்சில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும். முதலில் விளம்பரம், மற்றவை பிறகு, அல்லது எப்போதும் இல்லை.

தீர்ப்பு

ஒரு மறுப்புக்குப் பதில் சொல்லவேண்டும். இவ்வளவு கெடுபிடி செய்தால் கம்பெனிகள் நல்லது செய்தாலும் சொல்லாமல் இருந்துவிடும், சிறு தொழில்கள் கணக்கெழுதியே ஓய்ந்துவிடும் என்கிறார்கள். இரண்டாவது பாதி உண்மை. திருப்பூரின் சின்னப் பட்டறைகள் தனியாகச் செய்ய முடியாததைப் பொது நிலையமும் அரசுக் கடனும் சேர்ந்தே செய்தன. முதல் பாதியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. புகையைக் குறைத்துவிட்டு மௌனமாக இருக்கும் கம்பெனியால் யாருக்கும் கேடில்லை.

இனி எடை போடலாம். நட்சத்திர முத்திரை தேறுகிறது. அளப்பது குறுகியது, ஆனால் நேர்மையானது. திருப்பூர் தேறுகிறது, பாக்கியோடு. கார்பன் வணிகத்தின் எலும்புக்கூடு நன்றாக இருக்கிறது. இலக்கு எளிதாக இருந்தால் பழைய திட்டத்தின் கதியே இதற்கும். செபியின் அறிக்கை சாட்சியம் தருகிறது, தீர்ப்புத் தருவதில்லை. விளம்பர நெறிகள் பொட்டலத்தைப் பிடிக்கும், கடையைப் பிடிக்காது. கந்தகக் கருவியின் பத்தாண்டுக் கதை தோல்வி. இவற்றுள் மிக மோசமான பசுமைப் பூச்சும் அதுவே, யாரும் பொய் சொல்ல வேண்டியிராத காரணத்தால்.

ஆகவே குற்றவாளி கம்பெனி மட்டும்தானா? தேயும் எடைக்கல் கிடைக்கும்போது அதைப் பயன்படுத்தாத வணிகர் அபூர்வம். தேய்க்கச் சொல்லிக் கேட்டவர்களில் மின் உற்பத்தியாளர்களும் உண்டு, மின்துறை அமைச்சகமும் உண்டு. கேட்டவருக்குப் பங்குண்டு; முத்திரை குத்தித் தந்தவருக்குப் பங்கு அதிகம். தொழிலின் உண்மையான நிலைத்தன்மை முதலாளியின் மனமாற்றத்தால் வந்ததாக நான் எடுத்த எந்தச் சான்றிலும் இல்லை. நகராத கெடுவாலும், ஏறிக்கொண்டே போகும் அளவாலும், முந்திச் செய்தவர் நட்டப்படாத விலையாலும் வந்திருக்கிறது.

பால் பாக்கெட்டுக்குக்கூடக் காலாவதித் தேதி உண்டு. ஏசியின் நட்சத்திரத்துக்கும் உண்டு. கம்பெனிகளின் பசுமைச் சொல்லுக்கும் அரசின் கெடுவுக்கும் அது வேண்டும்: இந்தத் தேதிக்குள் செய்யாவிட்டால் இந்தச் சொல் செல்லாது என்று அச்சிட்டு. அனல்மின் நிலையங்களுக்கும் முதலில் ஒரு தேதி அச்சிட்டுத்தான் கொடுத்தார்கள். 2017 டிசம்பர் என்று அதில் இருந்தது.